28 வோல்ட் இருந்தும் எழாத மட்டைகள்: கீழக்கரை வீட்டுப் பின்பால் மெஷின் ஒன்றின் பழுது விவரம்

கீழக்கரையில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு வீட்டில், ஹாலை ஒட்டிய அறையில் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரு பின்பால் மெஷின் நிற்கிறது. வீட்டுப் பிள்ளைகளுக்கு அது 'குண்டு மெஷின்'. சாய்ந்த பலகையில் எஃகுக் குண்டை ஓடவிட்டு, அது கீழே விழாமல் பட்டனை அழுத்தி மட்டையால் மேலே அடித்து எண் சேர்க்கிற ஆட்டம். இப்போது அதை வைத்திருக்கும் தம்பியுடைய வாப்பாவின் வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தவர். அங்கே ஒரு விளையாட்டுக் கூடத்தை மூடியபோது வாங்கி, எம்.வி. சிதம்பரம் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நாகப்பட்டினம் வரை கடலிலும் அங்கிருந்து லாரியிலும் கொண்டுவந்தார். சிகாகோவில் செய்தது, நாலு பேர் மாறி மாறி ஆடலாம். 1970களின் முற்பாதியில் வந்த வகை. அதில் சிப் கிடையாது, எலக்ட்ரானிக் போர்டு கிடையாது. ரிலே (மின்சாரம் வந்தால் தானே இழுத்து மூடுகிற ஸ்விட்ச்), காயில் (கம்பிச் சுருள்), ஆட்டக் கணக்கைக் காட்டும் எண் சக்கரம், ஒரு சின்ன மோட்டார், அப்புறம் பல நூறு மீட்டர் ஒயர். அவ்வளவுதான்.

நான் இராமநாதபுரத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவன். ஐஸ் கம்பெனி பேனல், உப்பளத்து பம்பு, விசைப்படகு ஒயரிங் என்று கடற்கரையோரமாகவே வேலை. பின்பால் மெஷினை அதற்கு முன் திறந்ததில்லை. ஆனால் பின்பலகையைக் கழற்றியதும் பழைய ஸ்டார்ட்டர் பேனல் ஒன்றைத் திறந்த மாதிரிதான் இருந்தது. இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. மீட்டர் காட்டிய சரியான அளவை நம்பி நான் இரண்டு நாள் தவறான பக்கம் தேடினேன். இதே உப்புக்காற்றில் வேறு எந்தப் பெட்டியைத் திறக்கிறவருக்கும் அது நடக்கலாம்.

புகார்

மூன்று சொன்னார்கள். ஆட்டம் தொடங்கும் பட்டனை அழுத்தினால் உள்ளே மோட்டார் ஓட ஆரம்பிக்கிறது, நிற்பதே இல்லை. இடது மட்டை செத்துவிட்டது. வலது மட்டை பகலில் சுமாராக அடிக்கிறது, ராத்திரியானால் குண்டைத் தள்ளக்கூட வலுவில்லை. மூன்றாவதைத் தம்பியின் உம்மாதான் சொன்னார்: "காலைத் துடைக்கப் போனா கை விர்ருங்குது தம்பி." மெஷினின் இரும்புக் காலைத்தான் சொன்னார்.

முதலில் பார்த்தது மூன்றாவதைத்தான். பழைய இரட்டை ஒயர், எர்த் கிடையாது. துணி உறை உப்பி, உப்பு ஏறி, ஈரமாக இருந்தது. ஒயரை வெட்டி எறிந்து மூன்று கோர் கேபிள் போட்டு, கால், நாணயக் கதவு, பக்கத்துத் தகடு எல்லாவற்றையும் எர்த்தில் சேர்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்றை மெகர் (இன்சுலேஷன் பார்க்கிற மீட்டர்) வைத்துப் பார்த்தேன், இன்சுலேஷன் நன்றாக இருந்தது. 230 வோல்ட் டேப்பில்தான் போட்டிருந்தார்கள். அந்த அறைக்கு, மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் ஒன்றும் போடச் சொன்னேன், மறுநாளே போட்டார்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு நின்று ஆடுகிற இடம். இது முடியாமல் மற்றதைத் தொட எனக்கு மனமில்லை.

உள்ளே எப்படி வேலை நடக்கிறது

டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு வகை மின்சாரம் தருகிறது. காயில்களுக்கு 28 வோல்ட் சொச்சம், பல்புகளுக்கு 6 வோல்ட் சொச்சம். இரண்டும் ஏ.சி.தான். காயில் பக்கத்து மின்சாரம் ஒரே ஒரு 10 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் வழியாகத்தான் மெஷினுக்குள் போகிறது. அங்கிருந்து ஒரு பெரிய ப்ளக் வழியாக எண் சக்கரங்கள் இருக்கும் தலைப்பெட்டிக்கும், இன்னொன்று வழியாகக் குண்டு ஓடும் ஆட்டப் பலகைக்கும் பிரிகிறது.

புது ஆட்டத்துக்கு முன் பழைய எண்களெல்லாம் சைபருக்குத் திரும்ப வேண்டும். தொடங்கும் பட்டனை அழுத்தியதும் ஒரு ரிலே இழுத்து, தன்னுடைய பாயின்ட் (தொடுமுனை) வழியாகவே தன்னைப் பிடித்துக்கொள்கிறது. பம்பு செட் ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டனை விட்ட பிறகும் காயில் இழுத்தபடியே இருக்குமே, அதே வேலை. அந்த ரிலே மோட்டாரை ஓடவிடும். மோட்டாரின் தண்டில் உள்ள கேம்கள் பாயின்ட்களைத் திறந்து மூடித் துடிப்பு கொடுக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும், சைபரில் இல்லாத எண் சக்கரம் எல்லாம் ஒரு எண் நகரும். சைபருக்கு வந்த சக்கரம் தன் ஸ்விட்சைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எல்லாம் ஒதுங்கிய பிறகுதான் ரிலே விடும், மோட்டார் நிற்கும். நாலு ஆளுக்கு நாலு நாலாகப் பதினாறு சக்கரம். அதில் ஒன்று வந்து சேராவிட்டாலும் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

மட்டையின் காயில் இரட்டைச் சுற்று கொண்டது. கனமான கம்பிச் சுற்று ஒன்று, அதோடு தொடராக மெல்லிய கம்பிச் சுற்று ஒன்று. மட்டை கீழே இருக்கும்போது ஒரு சின்ன ஸ்விட்ச் மெல்லிய சுற்றைக் குறுக்காக மூடி வைத்திருக்கும். அதனால் முழு மின்சாரமும் கனமான சுற்றில் பாய்ந்து மட்டையைத் தூக்கி அடிக்கும். மட்டை மேலே போய்ச் சேர்ந்ததும் அது அந்த ஸ்விட்சைத் தட்டித் திறக்கும். உடனே மெல்லிய சுற்றும் வழியில் சேர்ந்து மின்சாரத்தைக் குறைத்துவிடும். பட்டனை எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும் காயில் வேகாது. இதை முனை ஸ்விட்ச் என்று சொல்லிக்கொள்கிறேன், கதையில் திரும்ப வரும்.

இந்த மட்டைதான் பின்பாலின் உயிர். 1947-க்கு முன் மட்டையே கிடையாது. குண்டை விட்டால் அது போகிற போக்குதான். அதனால்தான் சூதாட்டக் கணக்கில் வைத்து நியூயார்க் நகரத்தில் 1942-இல் தடை போட்டார்கள். மட்டை வந்து, குறிபார்த்து அடிக்கிற ஆட்டமாக மாறி வெகுகாலம் கழித்து, 1976-இல்தான் அந்தத் தடை விலகியது. எண்பது கிராம் எஃகுக் குண்டை மேலே வரை தூக்கி அடிக்க மட்டைக்கு வலு இல்லையென்றால், இது மறுபடி அந்தப் பழைய அதிர்ஷ்டப் பெட்டியாகிவிடும்.

முதல் இரண்டு நாள்

ஃபியூஸைப் பார்த்ததும் ஒன்று புரிந்தது. எரிந்த ஃபியூஸின் மேல் செம்புக் கம்பியைச் சுற்றி அதே கிளிப்பில் சொருகியிருந்தார்கள். இடது மட்டையின் காயில் கருகி, பிளாஸ்டிக் உருளை உருகி, உள்ளே ஓடுகிற இரும்புத் தண்டு அதில் ஒட்டிப்போயிருந்தது. கம்பியை எடுத்துவிட்டுச் சரியான 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன். இடது காயிலின் ஒயரைக் கழற்றித் தனியே விட்டேன். பவர் கொடுத்து மீட்டரை வைத்தால், ஃபியூஸ் தாண்டி 28.4 வோல்ட். தலைப்பெட்டியில் 28.4. ஆட்டப் பலகையில் 28.4. கன்டினியூட்டி வைத்தால் எல்லா இடத்திலும் பீப் சத்தம். சரி, சப்ளை நன்றாக இருக்கிறது, பழுது சக்கரங்களில்தான் என்று முடிவு கட்டினேன். தப்பு அங்கேதான்.

முதல் நாள் முழுக்கப் பதினாறு சக்கரத்தையும் கழற்றி, சைபர் ஸ்விட்ச் ஒவ்வொன்றையும் சுத்தம் செய்தேன். இதில் ஒரு வழி சொல்ல வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது, சைபரில் நிற்கிற சக்கரத்தின் ஸ்விட்ச் இடைவெளியில் ஒரு காகித அட்டையைச் செருகினால், அந்த ஸ்விட்ச் திறந்தது போலாகும். செருகியதும் மோட்டார் நின்றால் குற்றவாளி அதுதான். கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கீற்றாக வெட்டி வைத்துக்கொண்டேன். மூன்றாவது ஆளின் நூறாம் இடத்துச் சக்கரத்தில் அப்படி ஒன்று அகப்பட்டது. தகடு வளைந்து, சைபரிலும் திறக்காமல் மூடியே இருந்தது. அதை நிமிர்த்தியதும் மோட்டார் நின்றது. தம்பி சந்தோஷமாக ஒரு ஆட்டம் ஆடினார். அடுத்த ஆட்டத்துக்குப் பட்டனை அழுத்தியதும் மோட்டார் மறுபடி நிற்காமல் ஓடியது.

இரண்டாவது நாள் லைன் வோல்டேஜ் மேல் சந்தேகம் வந்தது. ராத்திரியில் மோசம் என்றார்களே. அளந்தேன்: மதியம் 231, ராத்திரி எட்டு மணிக்கு 196. அந்த நேரத்தில் காயில் பக்கம் 24.1. காரணம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்து 230-இல் நிறுத்திப் பார்த்தேன். வலது மட்டை கொஞ்சம் நிமிர்ந்தது. மோட்டார் மட்டும் நிற்கவில்லை. ராத்திரி ஏன் மோசமாகிறது என்பதற்குப் பதில் கிடைத்தது. பகலிலும் ஏன் சரியில்லை என்பதற்குக் கிடைக்கவில்லை.

சக்கரங்களை எண்ணிப் பார்த்தது

மூன்றாம் நாள் காலையில் கருவி எதையும் எடுக்காமல் மெஷின் முன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. நின்றுபோன சக்கரங்கள் அசையாமல் நிற்கவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் மெல்லத் துடித்தன. காயில் இழுக்கப் பார்க்கிறது, அடுத்த எண்ணுக்குத் தாண்டும் அளவுக்கு இழுக்க முடியவில்லை.

எல்லாச் சக்கரத்தையும் கையால் சைபரில் வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் கலைத்து பட்டனை அழுத்தினேன். டக் டக் என்று நகர்ந்து சைபருக்கு வந்தது, மோட்டார் நின்றது. வெவ்வேறு சக்கரமாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். பதினாறும் தனித்தனியாக ஒழுங்காக வந்தன. ஆக, எந்தச் சக்கரத்திலும் பழுதில்லை. இரண்டு கலைத்தேன், வந்தது. மூன்று, நாலு, ஐந்து வரை வந்தது. ஐந்தில் சத்தம் சோர்வாகக் கேட்டது. எட்டைக் கலைத்தால் ஒன்றிரண்டு எப்படியோ சைபருக்கு வந்து சேரும், மிச்சம் ஆறும் இருந்த இடத்திலேயே துடிக்கும்.

தனித்தனியாக எல்லாம் நல்லது, சேர்ந்தால் கெட்டது. இந்தப் பழுது எந்தப் பொருளிலும் இல்லை, எல்லாவற்றுக்கும் பொதுவான வழியில் இருக்கிறது என்று அப்போது பிடிபட்டது. வழியில் எங்கோ ஒரு சின்ன ரெசிஸ்டன்ஸ் உட்கார்ந்திருக்கிறது. ஒரு காயில் கேட்கிற மின்சாரத்துக்கு அது ஒன்றும் செய்யாது. ஆறு காயில் ஒரே நேரத்தில் கேட்டால் பாதி வோல்டேஜை அதுவே தின்றுவிடும். மட்டையின் கனமான சுற்று ஒன்றே அந்த அளவு மின்சாரம் கேட்கும், அதனால்தான் மட்டைக்கும் அதே நோய். இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றே.

மீட்டர் ஏன் 28.4 காட்டியது? மீட்டர் இழுக்கிற மின்சாரம் இல்லை என்றே சொல்லலாம். மின்சாரம் ஓடாத வழியில் ரெசிஸ்டன்ஸ் இருந்தாலும் வோல்டேஜ் விழாது. மூடின குழாயில் பிரஷர் கேஜ் வைத்த மாதிரி: குழாய்க்குள் பாசி எவ்வளவு அடைத்திருந்தாலும், தண்ணீரைத் திறக்காதவரை கேஜ் முழு அழுத்தத்தைத்தான் காட்டும். கன்டினியூட்டி பீப்பும் அப்படித்தான். அது அனுப்புவது ஒரு மில்லி ஆம்பியர் அளவு. சாதாரண மீட்டர்கள் முப்பது ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். இங்கே ஒன்றரை ஓம் போதும் மெஷினை மடக்க.

லாரி பல்பு

லோடு கொடுத்துக்கொண்டே அளக்க வேண்டும். மட்டையை அடித்து அளக்கலாம் என்றால் அது கண் இமைக்கிற நேரம்தான், டிஜிட்டல் மீட்டர் அதற்குள் நிலைக்காது. முனை ஸ்விட்ச் திறந்துவிட்டால் மின்சாரமும் குறைந்துவிடும். அதனால் 24 வோல்ட் லாரி ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்தேன். எழுபது வாட், மூன்று ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே தொடர்ந்து இழுக்கும். படகு ஒயரிங் பார்க்கிறவர்கள் எல்லோரிடமும் இருக்கிற பொருள்தான். அதை ஆட்டப் பலகையில் வலது மட்டைக்கு மின்சாரம் வந்து சேர்கிற இடத்தில் கொடுத்தேன்.

பல்பு எரிந்தது, ஆனால் மங்கலாக. டிரான்ஸ்ஃபார்மரின் முனையில் 27.6. பல்பின் முனையில் 20.4. நடுவே 7.2 வோல்ட் காணோம்.

காணாமல் போன வோல்டேஜைத் தேடுவது எளிது. பல்பு எரிந்துகொண்டே இருக்க, மீட்டரின் இரண்டு முனையையும் ஒரே ஒயரில், சந்தேகப்படுகிற இணைப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைக்க வேண்டும். நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட சைபர் காட்டும். ஃபியூஸ் கிளிப்பின் இரண்டு முனையும் சேர்ந்து 3.6 காட்டின. ஆட்டப் பலகைக்குப் போகிற ப்ளக்கின் ஒரு பின்னில் 2.2. வழியில் இருக்கும் ஒரு ரிலேயின் பாயின்ட்டில் 0.9. மீதி 0.5 ஒயர் நீளத்துக்குப் போனது. கூட்டினால் 7.2.

கிளிப்பில் மட்டும் ஒன்பது வாட்டுக்கு மேல் சூடாக வீணாகிக்கொண்டிருந்தது. பவரை நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன், விரல் வைக்க முடியவில்லை.

கிளிப்பின் கதை

வெளியே பார்க்க அந்தக் கிளிப் மோசமாக இல்லை. கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். ஃபியூஸை உருவிய பிறகு உள்பக்கத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ரிவெட் போட்ட அடிப்பகுதியில் இன்னும் அதிகம். வருஷக்கணக்கில் சூடேறி, தகட்டின் ஸ்பிரிங் தன்மையே போய்விட்டது. கவ்வ வேண்டிய கிளிப் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் பழைய ஃபியூஸ்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். அதில் மூன்றைத் தட்டி எடுத்துப் பார்த்தேன். எனக்கு இந்தப் பழுதின் முழு வரலாறும் அதில்தான் தெரிந்தது. ஷார்ட் ஆகிப் போன ஃபியூஸில் கம்பி ஆவியாகிக் கண்ணாடி உள்ளே கறுத்தோ வெள்ளி பூசின மாதிரியோ இருக்கும். இந்த மூன்றிலும் கண்ணாடி தெளிவாக இருந்தது. கம்பி நடுவில் அறுபடாமல் மூடியின் ஓரத்தில் விட்டிருந்தது, அந்தப் பக்கத்து மூடி கறுத்திருந்தது. மின்சாரம் கூடிப் போன ஃபியூஸ்கள் இல்லை இவை. கிளிப்பின் சூட்டில் மூடிக்குள் இருக்கிற ஈயம் இளகிப் போனவை.

இனி வரிசை சொல்கிறேன். கிளிப் களிம்பேறியது. மட்டைக்கு வலு குறைந்தது. யாரோ ஒருவர் முனை ஸ்விட்ச்தான் சரியாக மூடவில்லை என்று நினைத்து அதன் தகட்டை இறுக்கி வளைத்தார். இதை ஊகமாகச் சொல்லவில்லை, தகட்டில் இடுக்கிப் பல் பதிந்த தடம் இருந்தது. இறுக்கி வளைத்ததால் இடது மட்டை மேலே போன பிறகும் அந்த ஸ்விட்ச் திறக்கவில்லை. இடையில் ஃபியூஸ் சூட்டில் போய்க்கொண்டே இருந்தது, கடைசியில் செம்புக் கம்பி வந்தது. அதன்பின் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஆடிய ஒரு நாளில் கனமான சுற்று தொடர்ந்து முழு மின்சாரத்தில் வெந்து, காயில் கருகியது. கையில் வேலை தெரிந்தவர்கள்தான் ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் அன்றைக்குத் தெரிந்த குறையைச் சரிசெய்திருக்கிறார்கள், மூலத்துக்கு யாரும் போகவில்லை. நானும் இரண்டு நாள் அதே வேலையைத்தான் செய்தேன்.

களிம்பும் உப்பும்

நம் பக்கத்தில் உப்பு இரும்பைத் தின்னும் என்று குழந்தைக்கும் தெரியும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை எத்தனை தலைமுறையாகச் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்தார்கள் என்று பார்த்திருக்கிறோம். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்துவிட்டது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தார் உலோக அரிப்பைப் பார்க்கவென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். இரும்பு துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், உதிரும், பயம் வரும். பித்தளையும் செம்பும் இப்படிப் பயமுறுத்துவதில்லை. இரண்டு தகடு தொடுகிற இடுக்கில், பார்வை போகாத இடத்தில், களிம்பு மெல்லப் பூக்கும்.

கிளிப்பையும் ப்ளக்கையும் சுத்தம் செய்யக் கழற்றி வைத்ததைப் பார்த்து அந்த அம்மா கேட்டார்: "புளி போட்டு விளக்குனா பளிச்சுன்னு ஆயிடாதா தம்பி?" நல்ல கேள்வி. பளிச்சென்றுதான் ஆகும். ஆனால் குத்துவிளக்கையோ பாத்திரத்தையோ விளக்கினால் கையோடு கழுவித் துடைத்துவிடுகிறோம். ரிவெட் இடுக்கில் போன புளிப்பைக் கழுவ முடியாது, அங்கேயே உட்கார்ந்து மறுபடி அரிக்கும். துரு நீக்குகிற ஸ்ப்ரேயும் வேண்டாம். அது எண்ணெய்ப் பிசுக்கை விட்டுப்போகும், தூசி ஒட்டும். பாயின்ட் தீப்பொறி அடிக்கிற இடத்தில் எண்ணெய் ஆபத்தும்கூட.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அழுக்கும் பிசுக்கும் போகும், உப்பு போகாது. உப்பு ஆல்கஹாலில் கரைவதில்லை என்றே சொல்லலாம். கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் பிரஷை நனைத்து இரண்டு முறை கழுவி, அதன் பிறகு ஆல்கஹாலால் அந்தத் தண்ணீரை விரட்டி, வெயிலில் காயவைத்தேன். ப்ளக் பின்களை ஃபைபர் பேனாவால் தேய்த்து, எதிர்ப்பக்கத் தகடுகளைக் கொஞ்சம் நெருக்கிவிட்டேன். ரிலேயின் பாயின்ட் வெள்ளி. அதில் உப்புத்தாளைப் போட்டால் கோடு கோடாகக் கீறிவிடும், வெள்ளி சீக்கிரம் தீரும். மெல்லிய பாயின்ட் அரம் ஒன்றை இடையே வைத்து இரண்டு இழுப்பு, கடைசியில் வெள்ளைக் காகிதத்தை வைத்து ஒரு இழுப்பு. அவ்வளவு போதும்.

கிளிப்பைச் சுத்தம் செய்யவே இல்லை, தூக்கி எறிந்தேன். ஸ்பிரிங் போன கிளிப்பை எவ்வளவு பளபளப்பாக்கினாலும் கவ்வாது. புது பீங்கான் ஹோல்டர் போட்டு, ஒயர் முனைகளுக்கு ஈயம் ஏற்றி, லக் அடித்துத் திருகினேன்.

மறுபடி லாரி பல்பு. டிரான்ஸ்ஃபார்மரில் 27.5, பல்பில் 26.9. பல்பின் வெளிச்சமே வேறு. பதினாறு சக்கரத்தையும் கன்னாபின்னாவென்று கலைத்து பட்டனை அழுத்தினேன். கடகடவென்று எல்லாம் சைபருக்கு ஓடி, மோட்டார் நின்றது. பத்து முறை செய்தோம், பத்து முறையும் நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுப்படியிலிருந்து அந்த அம்மா எழுந்து வந்தார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது கேட்ட அதே சத்தம் என்றார்.

இடது காயில்

இது என் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், காயில் இன்னமும் கிடைக்கிறது. வரக் காத்திருக்காமல் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். வலது காயிலில் அளவு எடுத்தேன்: கனமான சுற்று 2.8 ஓம், மெல்லியது நாற்பது ஓமுக்கு அருகில். கருகியதைப் பிரித்து எண்ணியதில் கனமான சுற்று 420 சுற்று வந்தது.

கம்பி எண்ணில்தான் ஏமாறுவோம். காயிலின் தாளில் அமெரிக்கக் கணக்கில் 24 என்று இருந்தது. நம் கடையில் 24 என்று கேட்டால் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கம்பிக் கணக்கில்தான் தருவார்கள். அமெரிக்க 24 என்பது 0.511 மில்லிமீட்டர். நம்முடைய 24 என்பது 0.559. அந்தக் கம்பியில் கட்டினால் ரெசிஸ்டன்ஸ் ஆறில் ஒரு பங்கு குறைந்து மின்சாரம் கூடும், 420 சுற்று உருளையில் அடங்கவும் செய்யாது. மைக்ரோமீட்டரில் எனாமலைச் சுரண்டிவிட்டு அளந்தேன், 0.51. நம் கணக்கில் 25-ஆம் எண் 0.508, அதுதான் பொருத்தம். உருளையையும் உள்குழாயையும் நைலான் கட்டையில் லேத்தில் கடைந்தோம். அந்தக் குழாயில் எண்ணெய் போடவே கூடாது. காய்ந்தபடியேதான் தண்டு ஓட வேண்டும், எண்ணெய் போட்டால் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். கட்டி முடித்து வார்னிஷ் காய்ந்ததும் 2.8 ஓம்.

முனை ஸ்விட்ச் இரண்டையும் மாற்றினேன். மட்டை மேலே முழுதாக எழுந்த நிலையில் பாயின்ட்களுக்கு நடுவே தபால் கார்டு இரண்டு கனம் இடைவெளி இருக்கும்படி வைத்தேன். இதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகுதான் பவர் கொடுத்தேன்.

மட்டைகளுக்கு வலு வந்ததும் புதிதாக ஒன்று கிளம்பியது. குண்டு பலமாகப் பக்கத்து ரப்பரில் மோதினால், மெஷினை யாரோ ஆட்டிவிட்டது போல டில்ட் விழுந்து ஆட்டம் நின்றது. மெஷினை ஆட்டினால் கண்டுபிடிக்கிற தகடு ஒன்று பலகைக்கு அடியில் நெருங்கி நின்றது. கொஞ்சம் விலக்கியதும் சரியானது.

மழைக்குப் பிறகு

வேலை முடிந்தது புரட்டாசியில். எதிரே வாடைக்காற்றும் மழையும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துத் தானே கரையும். கடல் உப்பில் கலந்திருக்கிற மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு கீழேயே இழுக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் முதலில் கழுவி எடுப்பது முக்கியம். அதற்கு மேல் ஐஸ் கம்பெனி பேனல்களில் நாங்கள் செய்கிற ஒன்றை இங்கும் செய்தேன். பெட்டிக்குள், மரத்திலிருந்தும் ஒயரிலிருந்தும் தள்ளி, ஒரு தகட்டுக் கூண்டில் குண்டு வகை ஜீரோ வாட் பல்பு. பெயர்தான் ஜீரோ, பத்துப் பதினைந்து வாட் சூடு தரும். வெளியே 30 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் இருக்கும் ராத்திரியில் பெட்டிக்குள் நாலு டிகிரி கூடினால், உள்ளே ஈரப்பதம் 68 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மழைக்காலத்தில் மட்டும் ராத்திரி எரியவிடச் சொன்னேன்.

பொங்கல் கழித்துப் போனேன். பேச்சுக்கு முன் லாரி பல்பைத்தான் எடுத்தேன். டிரான்ஸ்ஃபார்மரில் 27.5, பல்பில் 26.8. ஃபியூஸ் ஹோல்டரில் 0.1-க்கும் கீழே. ப்ளக் பின்னில் 0.2, வேலை முடித்த அன்று இருந்ததைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. அந்தப் பின்னை மட்டும் மறுபடி கழுவித் துடைத்தேன். ராத்திரி லோ வோல்டேஜ் நேரத்தில் மட்டை இப்போதும் பகலைவிட மெதுவாகத்தான் அடிக்கிறது. அது லைனின் குறை, ஸ்டெபிலைசரைப் போட்டுவிட்டு ஆடுகிறார்கள்.

"அண்ணே, இனி ஃபியூஸ் போனா என்ன செய்யறது?" என்று தம்பி கேட்டார். கண்ணாடியைப் பாருங்க, தெளிவா இருந்தா கிளிப்பைத் தொட்டுப் பாருங்க, கறுத்திருந்தா என்னைக் கூப்பிடுங்க என்றேன். நாணயக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, பல்பு எரியும்போது எங்கெங்கே எவ்வளவு என்ற அளவுகளையும் தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன். முதல் வரி புரட்டாசி, இரண்டாவது தை. மூன்றாவது வரிக்கு இடம் விட்டிருக்கிறது. கச்சான் காற்று தொடங்குவதற்கு முன் போய் அளக்க வேண்டும்.